வைத்த எண் வைத்தபடியே நிற்க: தெர்மோஸ்டாட் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: என் தாயாருக்கு வயது 76. வீட்டின் சூட்டையும் குளிர்ச்சியையும் வைத்த அளவில் காக்கும் கருவியாகப் பல ஆண்டுகளாகச் சுவரில் இருந்த வட்டமான பழைய தெர்மோஸ்டாட் பழுதானதால், அதன் இடத்தில், இணையத்தோடு இணைந்து தானாகவும் இயங்கும் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் ஒன்றைப் பொருத்தினோம். காலையில் அவர் 21 டிகிரி வைக்கிறார். மாலையில் பார்த்தால் 18 என்று காட்டுகிறது. இரவில் தானாகவே குறைகிறது, விடியுமுன் தானாகவே ஏறுகிறது. அவருக்கு அட்டவணையும் வேண்டாம், செயலியும் வேண்டாம். பழைய கருவியைப் போல, தாம் திருப்பி வைத்த இடத்தில் அது நின்றால் போதும் என்கிறார். அப்படி அமைக்க வழி உண்டா?

பதில்: உண்டு. உங்கள் தாயார் கேட்பது நியாயமானது. அதைப் பழமை விரும்பும் பிடிவாதமாக யாரும் எண்ண வேண்டாம். 1953இல் ஹனிவெல் நிறுவனம் வெளியிட்ட வட்ட வடிவத் தெர்மோஸ்டாட்டும் அதன் வழிவந்தவையும் மிக எளிய முறையில் இயங்கின. வெவ்வேறு அளவில் விரிவடையும் இரு உலோகங்களை ஒட்டிச் செய்த சுருள் ஒன்று, அறை குளிரும்போது வளைந்து, பாதரசம் அடங்கிய சிறு கண்ணாடிக் குழாயைச் சாய்க்கும்; பாதரசம் ஓடி மின்இணைப்பைச் சேர்த்ததும் சூடேற்றி இயங்கும். அந்தக் கருவியில் வெப்பநிலையைத் தீர்மானித்தவர், வட்டைத் திருப்பிய மனிதர் மட்டுமே. ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டிலோ அந்த எண்ணை மாற்றும் உரிமை ஒரே நேரத்தில் ஐந்தாறு அம்சங்களுக்குத் தரப்பட்டிருக்கிறது. அவை மெனுவில் ஒரே இடத்தில் இருப்பதில்லை என்பதால், ஒன்றை நிறுத்திவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் மறுநாள் மீண்டும் ஏமாறுகிறார்கள்.

அமைப்புகளுக்குள் நுழையுமுன் ஒன்றை உறுதிசெய்துகொள்ளுங்கள். மாலையில் தெரிந்த 18 என்பது வைத்த வெப்பநிலையா, அறையின் அப்போதைய வெப்பநிலையா? பல கருவிகள் தொடாமல் இருக்கும்போது அறை வெப்பநிலையைப் பெரிய எழுத்தில் காட்டும். தொட்டாலோ திருப்பினாலோதான் வைத்த எண் தெளிவாகத் தெரியும். தொட்டுப் பார்க்கையில் 21 அப்படியே இருந்தால், அமைப்பில் குறையில்லை. சூடேற்றும் இயந்திரம் ஈடுகொடுக்கவில்லை என்று பொருள், அதற்குப் பழுது பார்ப்பவரைத்தான் அழைக்க வேண்டும். உங்கள் வீட்டில் இரவில் குறைந்து விடியுமுன் ஏறுகிறது என்று எழுதியிருப்பதால், பெரும்பாலும் அட்டவணையே காரணமாக இருக்கும்.

அட்டவணை இயங்கும் நிலையில் நாம் கையால் வைக்கும் எண், பல கருவிகளில், அட்டவணையின் அடுத்த நேரம் வரும்வரை மட்டுமே செல்லும். அதை நிலைக்கச் செய்யும் அம்சத்துக்கு ஹோல்ட் என்று பெயர். ஹோல்டிலும் தற்காலிகம், நிரந்தரம் என இரண்டு வகை உண்டு. உங்களுக்குத் தேவை நிரந்தர ஹோல்ட், அதாவது பெர்மனன்ட் ஹோல்ட். ஈகோபீ நிறுவனத்தின் கருவிகளில் ஹோல்ட் ஆக்‌ஷன் என்ற அமைப்பில் இரண்டு மணி நேரம், நான்கு மணி நேரம், அட்டவணையின் அடுத்த மாற்றம் வரை என்பவற்றோடு, ‘அன்டில் ஐ சேஞ்ச் இட்’ என்ற தேர்வும் இருக்கும். நானே மாற்றும்வரை என்னும் பொருள் தரும் அந்தத் தேர்வை ஒருமுறை செய்து வைத்துவிட்டால், பிறகு உங்கள் தாயார் எண்ணை மாற்றும் ஒவ்வொரு முறையும் அதுவே நிலைத்துவிடும். அட்டவணையை முழுவதுமாக நிறுத்தும் வசதி உங்கள் கருவியில் இருந்தால் ஹோல்டைவிட அதையே நான் பரிந்துரைப்பேன். ஏனெனில் ஹோல்ட் யாராவது தெரியாமல் ஒரு பொத்தானைத் தொட்டால் விலகிவிடும், இல்லாத அட்டவணைக்குத் திரும்பிச் செல்ல வழியில்லை.

கூகுளின் நெஸ்ட் லேர்னிங் வகைக் கருவியாக இருந்தால் கூடுதல் கவனம் தேவை. நீங்கள் எப்போது கூட்டுகிறீர்கள், எப்போது குறைக்கிறீர்கள் என்பதைக் கவனித்துத் தானாகவே அட்டவணை எழுதிக்கொள்வது அதன் இயல்பு. ஆட்டோ ஷெட்யூல் என்ற அந்த அம்சத்தை நிறுத்தினால் கற்பது மட்டும்தான் நிற்கும்; அதுவரை கற்று எழுதிய அட்டவணை அழியாமல் இயங்கிக்கொண்டே இருக்கும். ஆகவே முதலில் கற்றலை நிறுத்தி, பிறகு அட்டவணையைத் திறந்து, ஏழு நாள்களிலும் உள்ள எல்லாப் பதிவுகளையும் நீக்க வேண்டும். இந்த வரிசை மாறினால், நீக்கிய பதிவுகளைக் கருவி சில நாள்களில் மறுபடியும் எழுதிக்கொள்ளும்.

அடுத்தது, வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்று பார்க்கும் அம்சம். கருவியின் முன் நடமாட்டம் இல்லாவிட்டாலோ, செயலி உள்ள கைபேசி வீட்டைவிட்டு வெளியே போனாலோ, வீடு காலியாக இருக்கிறது என்று கருதிச் சிக்கன வெப்பநிலைக்கு அது மாறிவிடும். வயதானவர்கள் வாழும் வீட்டில் இதை நான் மிகவும் அஞ்சுகிறேன். கைபேசி மகனிடமோ மகளிடமோ இருக்கிறது, அவர்கள் வேலைக்குப் போய்விடுகிறார்கள், தாயார் உள் அறையில் படுத்திருக்கிறார். கருவியின் கணக்கில் வீட்டில் யாருமே இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட குடியிருப்பு வழிகாட்டுதல்கள், குளிர் காலத்தில் வீட்டுக்குள் 18 டிகிரி செல்சியஸ் பெரும்பாலோருக்குப் பாதுகாப்பான அளவு என்றும், முதியோர், குழந்தைகள், நெடுநாள் நோயாளிகள் ஆகியோருக்கு அதைவிடக் கூடுதலாகத் தேவைப்படலாம் என்றும் கூறுகின்றன. எனவே ஹோம் அண்ட் அவே, ஜியோஃபென்சிங் போன்ற பெயர்களில் இருக்கும் இந்த அம்சங்களைக் கருவியிலும் செயலியிலும் தேடி நிறுத்துங்கள்.

பலரும் மறப்பது மின்நிறுவனத் திட்டங்களை. மின்தேவை உச்சத்தில் இருக்கும் நேரங்களில் சில டிகிரியைத் தொலைவிலிருந்தே மாற்றிக்கொள்ள ஒப்புதல் அளித்தால், சில இடங்களில் கட்டணச் சலுகை தருகிறார்கள். பதிவுசெய்யும்போது சலுகை மட்டுமே கண்ணில் பட்டு, ஒப்புதல் நினைவில் நிற்காமல் போவதுண்டு. 2021 ஜூன் மாத வெப்பத்தின்போது அமெரிக்காவின் டெக்சாஸில் இவ்வாறு சிலருடைய வீட்டு வெப்பநிலை கூட்டப்பட்டது செய்தியாயிற்று. அத்தகைய திட்டத்தில் உங்கள் வீடு சேர்ந்திருக்கிறதா என்று செயலியில் பார்த்து, வேண்டாமென்றால் விலகுங்கள்.

இவற்றையெல்லாம் நிறுத்தியபின் ஓர் எண்ணை வைத்து, அதைத் தாளில் எழுதி, ஒரு வாரம் பாருங்கள். வேலை நாளுக்கும் விடுமுறை நாளுக்கும் தனித்தனி அட்டவணை இருக்கக்கூடும் என்பதால் ஒரு நாள் சோதனை போதாது. மென்பொருள் புதுப்பிப்பு வந்தபின்னும் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

எல்லாவற்றையும் நிறுத்தும் வேகத்தில் பாதுகாப்பு வெப்பநிலையை மட்டும் தொட வேண்டாம். தெர்மோஸ்டாட் அணைந்திருந்தாலும் வீடு சுமார் 4 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கினால் சூடேற்றியை இயக்கி, குழாய்களில் நீர் உறையாமல் காக்கும் ஏற்பாடு அது. அதேபோல, நின்ற கம்ப்ரசர் மீண்டும் ஓடுவதற்குமுன் சுமார் ஐந்து நிமிடம் காத்திருப்பதும் இயந்திரத்தைக் காப்பதற்கே. எண்ணை மாற்றியதும் ஏசி உடனே ஓடவில்லையே என்று உங்கள் தாயார் கவலைப்பட்டால் இதை அவருக்குச் சொல்லிவையுங்கள். கழற்றிய பழைய வட்டக் கருவியில் பாதரசம் இருக்கக்கூடும். அதைக் குப்பையில் போடாமல், நச்சுக் கழிவு சேகரிப்பவர்களிடம் ஒப்படையுங்கள்.

கேள்வி: கருவியில் ‘ஆட்டோ’ என்ற சொல் இரண்டு இடங்களில் வருகிறது. கையால் இயக்க விரும்புவோர் இரண்டையும் மாற்ற வேண்டுமா?

பதில்: இரண்டும் வேறு வேறு. ஹீட், கூல், ஆஃப் ஆகியவற்றோடு வரும் ஆட்டோ, சூடேற்றுவதா குளிரூட்டுவதா என்பதைக் கருவியே முடிவு செய்யும் நிலை. அதில் கீழ் எல்லை ஒன்றும் மேல் எல்லை ஒன்றுமாக இரண்டு எண்களைப் பேண வேண்டியிருக்கும், அவை நெருங்கிவிடாதபடி சில டிகிரி இடைவெளியையும் கருவி வற்புறுத்தும். ஒரே எண் போதும் என்பவர்கள் பருவத்துக்கேற்ப ஹீட் அல்லது கூல் நிலையில் வைத்துக்கொள்வதே எளிது. மின்விசிறிக்கு உரிய ஆட்டோவை அப்படியே விட்டுவிடுங்கள். இயந்திரம் இயங்கும்போது மட்டும் காற்று வீசும் என்பதே அதன் பொருள். அதை ஆன் நிலைக்கு மாற்றினால் விசிறி இடைவிடாமல் ஓடும்.

கேள்வி: கையால் இயக்கினால் மின்சாரமும் எரிபொருளும் வீணாகும் என்கிறார்கள். மேலும், வீடு விரைவில் சூடாக வேண்டுமென்று என் கணவர் 27 வரை ஏற்றிவிடுகிறார். இது சரியா?

பதில்: சிக்கனம் அட்டவணையால் மட்டும் வருவதன்று, எண்ணைக் குறைப்பதால் வருவது. நாளுக்கு எட்டு மணி நேரம் 7 முதல் 10 ஃபாரன்ஹீட் டிகிரி, அதாவது சுமார் 4 முதல் 5.5 செல்சியஸ் டிகிரி குறைத்து வைத்தால், சூடேற்றவும் குளிரூட்டவும் ஆகும் செலவில் ஆண்டுக்கு 10 சதவீதம் வரை மிச்சமாகலாம் என்று அமெரிக்க எரிசக்தித் துறை கணக்கிட்டுள்ளது. படுக்கப் போகுமுன் நீங்களே குறைத்து, எழுந்ததும் நீங்களே கூட்டினாலும் பயன் அதேதான். மறதி உள்ளவர்களுக்கு அட்டவணை உதவும் என்பதை மறுக்கவில்லை. வெளியிலிருந்து வெப்பத்தை உள்ளே இழுத்து வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப் உள்ள வீடுகளில் மட்டும் இவ்வளவு இறக்கி ஏற்றாதீர்கள்; ஒரேயடியாகப் பல டிகிரி ஏற்றும்போது, அதிக மின்சாரம் இழுக்கும் துணைச் சூடேற்றி இயங்கத் தொடங்கி, சேமித்ததை விழுங்கிவிடக்கூடும்.

27 வரை ஏற்றுவதால் வீடு விரைவில் சூடாகாது. பெரும்பாலான வீட்டுச் சூடேற்றிகள் இயங்கும் அல்லது நிற்கும். எண்ணைக் கூட்டினால் வெப்பம் வரும் வேகம் கூடாது, நிற்கும் நேரம்தான் தள்ளிப்போகும். 21 போதுமென்றால் 21இல் வைத்துவிட்டுக் காத்திருப்பதே சரி என்று உங்கள் கணவரிடம் கூறுங்கள்.

கேள்வி: வைஃபை இணைப்பே இல்லாமல் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டைப் பயன்படுத்தலாமா? அப்படியானால் ‘சி’ வயரும் தேவையில்லை அல்லவா?

பதில்: பெரும்பாலான கருவிகளைச் சுவரில் இருந்தபடியே, இணைப்பு இல்லாமல் இயக்கலாம், சிலவற்றை முதன்முறை அமைக்க மட்டும் செயலி தேவைப்படுகிறது. 2011, 2012ஆம் ஆண்டுகளில் வந்த முதலிரு தலைமுறை நெஸ்ட் கருவிகளுக்கான ஆதரவை 2025 அக்டோபரில் கூகுள் நிறுத்தியபோது, செயலி வழிக் கட்டுப்பாடு போயிற்று. ஆனால் கையால் திருப்பி வெப்பநிலையை மாற்றுவது தொடர்கிறது. வாங்குமுன் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இணையம் இல்லாவிட்டால் இதில் என்னென்ன செய்ய முடியும்?

சி வயர் வைஃபைக்காக மட்டும் வருவதன்று. கருவிக்கே இடைவிடாத மின்சாரம் தருவது அது. திரையும் உணரியும் இயங்க மின்சாரம் வேண்டும் என்பதால், உங்கள் கருவிக்குச் சி வயர் அவசியம் என்று கையேடு சொன்னால், இணைப்பை அணைத்துவிட்டதற்காக அதை விட்டுவிட இயலாது. பழைய கருவியைக் கழற்றுமுன் மின்பெட்டியில் சுவிட்சை அணைத்து, எந்த வயர் எந்த எழுத்தில் இருந்தது என்பதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்; வயரின் நிறத்தை நம்பாதீர்கள். இக்கருவிகளில் பெரும்பாலானவை 24 வோல்ட்டில் இயங்குபவை. தடித்த வயர்கள் தெரிந்தாலோ, 120 அல்லது 240 வோல்ட் என்ற குறிப்பு கண்ணில் பட்டாலோ, மேற்கொண்டு தொடாமல் மூடிவிட்டு மின்பணியாளரை அழையுங்கள்.