அயர்லாந்தின் இனவெறி எதிர்ப்புச் செயல்திட்டத்தை எப்படி மதிப்பிடுவது?

அயர்லாந்து அரசு 2023 மார்ச்சில் வெளியிட்ட, 2027 வரைக்குமான இனவெறி எதிர்ப்புத் தேசியச் செயல்திட்டத்தை மதிப்பிடுவோர், முதலில் அதன் முன்னோடிக்கு நேர்ந்ததைப் பார்க்க வேண்டும். 2005இல் தொடங்கிய முதல் திட்டம் 2008இல் முடிந்தபோது அடுத்த திட்டம் வரவில்லை. 1998இல் அமைக்கப்பட்டு, இனவெறிச் சம்பவங்களைப் பதிவுசெய்துவந்த ஆலோசனைக் குழுவும் செலவுக் குறைப்பின் பெயரால் 2008 இறுதியில் மூடப்பட்டது. ஆகவே, நிதி நெருக்கடியிலும் கண்காணிப்பு அமைப்பு தாக்குப்பிடிக்குமா என்பதே, என் பார்வையில், தலையாய அளவுகோல். வெறுப்புக் குற்றங்களுக்குக் கூடுதல் தண்டனை விதிக்கும் சட்டம் 2024இல் நிறைவேறியது உண்மையான முன்னேற்றந்தான் (வெறுப்புப் பேச்சு குறித்த பிரிவுகள் அதிலிருந்து கைவிடப்பட்டன என்பது வேறு கதை). அடுத்ததாக, வேலைவாய்ப்பு, வீட்டுவசதி, காவல்துறை ஆகிய துறைகள், அயர்லாந்தின் நாடோடி மரபுச் சிறுபான்மையினரான டிராவலர் சமூகத்தினரையும் உள்ளடக்கிய இனவாரித் தரவுகளை ஆண்டுதோறும் ஒரே முறையில் திரட்டி வெளியிடுகின்றனவா என்று சரிபார்க்க வேண்டும்.