காந்தம் கட்டினால் மைலேஜ் கூடுமா?

பெட்ரோல் குழாயில் காந்தம் மாட்டினால் மைலேஜ் 20 சதவீதம் கூடும் என்கிறார் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர். ஸ்கேனர் மாட்டிக் கோளாறு பார்க்கும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் கருவி ஒன்றையும் காட்டினார். எதை வாங்கலாம்?
- வாசகர், கரூர்

இரண்டுமே வேண்டாம். பெட்ரோல் காந்தத்துக்கு மசிகிற பொருள் அல்ல. நல்ல நிலையில் உள்ள எஞ்சினில் உள்ளே போகும் பெட்ரோல் ஏறக்குறைய முழுவதும் எரிந்துவிடுகிறது. இழப்பில் பெரும்பகுதி ரேடியேட்டரிலும் சைலன்சரிலும் சூடாக வெளியேறுவதுதான். அதைக் காந்தம் தடுக்காது. மலிவு விலை ஓபிடி கருவிகள் பலவற்றைத் திறந்தால் எல்இடி விளக்குகளும் அவற்றைச் சிமிட்டவைக்கும் ஒரு சிப்பும்தான் இருக்கின்றன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படிப்பட்ட 100க்கும் மேற்பட்ட கருவிகளை ஆராய்ந்தும், மைலேஜைக் குறிப்பிடும்படி கூட்டியது என்று ஒன்றைக்கூடக் காணவில்லை.

மாட்டியவர்கள் சிலர் கூடியது என்பார்கள். புதுக் கருவி மாட்டிய வாரத்தில் ஆக்சிலரேட்டரைக் கால் தானாகவே மெதுவாக மிதிக்கும், அவ்வளவுதான். மைலேஜை டேங்க் கணக்கில் பாருங்கள்: பம்ப் தானாக நிற்கும்வரை, அதாவது ஆட்டோ கட் ஆகும்வரை நிரப்பி, டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். 300 கிலோமீட்டராவது ஓடியபின் அதே பங்கில், அதே பம்பில் மறுபடி ஆட்டோ கட் வரை நிரப்பி, ஓடிய தூரத்தை இரண்டாம் முறை நிரம்பிய லிட்டரால் வகுங்கள். மூன்று முறை செய்து சராசரி எடுத்தால்தான் நம்பலாம்.

ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சமாகும்தானே?
- வாசகர், சேலம்

ஆகாது, உயிருக்கும் ஆபத்து. இன்ஜெக்ஷன் எஞ்சினில், கியரிலேயே இருந்து ஆக்சிலரேட்டரை விட்டால், எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று (ஆர்.பி.எம்.) ஏறக்குறைய 1,500க்கு மேல் இருக்கும்வரை எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ பெட்ரோலையே நிறுத்திவிடும்; சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றும். நியூட்ரலில் விட்டாலோ எஞ்சின் ஐடிலிங்கில் ஓடப் பெட்ரோல் குடிக்கும். போதாக்குறைக்கு வண்டியின் பாரம் முழுவதும் பிரேக்கில் விழும். கொண்டை ஊசி வளைவுகளில் தொடர்ந்து மிதித்தால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். இரண்டாவது, மூன்றாவது கியரில் இறங்குங்கள். ஊருக்குள் சிவப்பு விளக்கைத் தூரத்திலேயே பார்த்ததும் கியரில் வைத்தபடி காலை எடுப்பதும் இதே மிச்சம்தான்.

லிட்டருக்கு 16 கொடுத்த என் எட்டு வருடக் கார் இப்போது 12தான் கொடுக்கிறது. பெட்ரோலில் கலக்கும் 20 சதவீத எத்தனால்தான் காரணமா?
- வாசகி, மதுரை

ஓரளவுதான். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. ஐந்தில் ஒரு பங்கு கலந்தால் 6, 7 சதவீதம் குறையலாம். 16 கொடுத்த கார் 15 கொடுக்கும். மீதி வேறெங்கோ போகிறது.

முதலில் தெர்மோஸ்டாட் வால்வைப் பாருங்கள். எஞ்சின் சூடேறும்வரை, அதைக் குளிர்விக்கும் கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் தடுப்பது இதுதான். எஞ்சின் சூடேறுகிறது என்று போனால், சில பட்டறைகளில் அந்த வால்வையே கழற்றிவிடுவார்கள். அப்போதைக்குச் சூடு அடங்கும். ஆனால் எஞ்சின் சரியான வெப்பத்துக்கு வரவே வராது. எஞ்சின் இன்னும் குளிர்ந்திருப்பதாக நினைத்து ஈசியூ கூடுதலாகப் பெட்ரோல் விடும். ஊருக்குள் பாதிக்கு வரும் டெம்பரேச்சர் முள், பைபாஸில் வேகம் பிடித்ததும் கீழே இறங்கினால் வால்வு இல்லை, அல்லது திறந்தபடியே சிக்கியிருக்கிறது. புதிது போடச் சொல்லுங்கள். முள் இல்லாத காரில் ஸ்கேனர் மாட்டிப் பார்த்தால் கூலன்ட் சூடு 80 டிகிரிக்குக் கீழேயே நிற்பது தெரியும்.

அடுத்தது பிரேக். அதிகம் மிதிக்காமல் 10 கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் உள்ளங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலடித்தால் அங்கே பிரேக் பேடை அழுத்தும் காலிப்பரின் பின் (pin) இறுகி, பிரேக் விடாமல் உரசுகிறது. பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் போட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஏர் ஃபில்டரை மாற்றினால் மைலேஜ் ஏறும் என்று எதிர்பார்க்காதீர்கள். உள்ளே வரும் காற்றுக்குத் தக்கபடிதான் ஈசியூ பெட்ரோல் விடுகிறது. ஃபில்டர் அடைத்தால் குறைவது பிக்கப். டயர் காற்றை மட்டும் 15 நாளுக்கு ஒருமுறை, காலையில் வண்டி எடுத்த உடனே, டயர் சூடேறும் முன் பாருங்கள். எவ்வளவு என்பது டிரைவர் கதவோரத் தூணில் ஒட்டியிருக்கும்.