எந்த ஊருக்கு வாக்கப்படுவது?

நூலகத்து அக்கா பதில்கள்

(கிளை நூலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அக்கா, வாசகர்களின் புத்தகக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: அக்கா, விடுதியில் நாங்கள் நாலு பேரும் ஒரு மாயாஜாலக் காதல் நாவலை மாற்றி மாற்றிப் படிக்கிறோம். மருந்து காய்ச்சும் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி. கூடவே வளர்ந்த படகோட்டிப் பையன் ஒரு பக்கம், நிழல் நாட்டு இளவரசன் இன்னொரு பக்கம். தோழிகள் எல்லோரும் இளவரசன் கட்சி, நான் மட்டும் படகோட்டி கட்சி. ராத்திரி ரெண்டு மணி வரை கீழே வைக்க முடியவில்லை. 'இதெல்லாம் ஒரு புஸ்தகமா' என்று அம்மா ஏசுகிறாள். இதை ரசிப்பது தப்பா?
— பெயர் வேண்டாம், பாளையங்கோட்டை

பதில்: தப்பு ஒன்றும் இல்லை, தாயி. ராத்திரி ரெண்டு மணி வரை ஒருத்தியை முழித்திருக்க வைப்பது லேசுப்பட்ட வேலையா? எனக்கும் இந்த வகை பிடிக்கும். ஆனால் அந்த இரண்டு பையன்களை நான் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. ஒருத்தன் புருவத்தை உயர்த்துவான், இன்னொருத்தன் மழையில் நனைந்தபடி நிற்பான், அவ்வளவுதான். நான் பார்ப்பது அவர்களுக்குப் பின்னால் இருக்கிற ஊரை.

நம் பக்கத்தில் பெண் கொடுக்கும்போது மாப்பிள்ளையை விசாரிக்கும் முன்னால் ஊரை விசாரிப்பார்கள். ஆற்றுப் பாசனமா, கிணறா? குடிதண்ணீருக்கு எவ்வளவு தூரம் நடக்கணும்? தாமிரபரணிக் கரையில் பிறந்த பெண்ணை ராதாபுரம், சாத்தான்குளம் பக்கத்து வானம் பார்த்த பூமிக்குக் கொடுக்க அந்தக் காலத்தில் ரொம்பவே யோசிப்பார்கள். "மாப்பிள்ளை தங்கம்தான், ஆனா பிள்ளை குடத்தைத் தூக்கிட்டு அலையணுமே" என்பாள் எங்கள் ஆச்சி. உன் நாவலிலும் அதே கணக்குதான் ஓடுகிறது. படகோட்டியைக் கட்டினால் அதே ஆறு, அதே மருந்துச் செடி, கூப்பிடு தூரத்தில் அம்மா. இளவரசனைக் கட்டினால் வெயிலே விழாத நாடு. ஒருவேளை சாகாவரமும் கிடைக்கும். கிடைத்தால், கூடப் பிறந்தவர்கள் கிழடு தட்டிப் போய்ச் சேருவதை அங்கிருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சாதாரணக் காதல் கதையில் ரெண்டு பேரும் ஒரே தெருக்காரர்களாக இருக்கலாம். யாரைக் கட்டினாலும் அதே பால்காரர்தான் வருவார். மாயாஜாலக் கதையில் ஒரு தடவை வாசலைத் தாண்டினால் தாண்டியதுதான், மறுவீட்டுக்குக்கூட வர முடியாது. பக்கம் புரட்டுகிற கை ஏன் நிற்காது என்று இப்போது புரிகிறதா?

இன்னொன்று. ஆச்சி காலத்தில் அந்த விசாரணையை அப்பனும் மாமனும் திண்ணையில் உட்கார்ந்து முடித்துவிடுவார்கள். இங்கே கட்டிக்கப்போகிறவளே போய் விசாரிக்கிறாள், நானூறு பக்கம் எடுத்துக்கொண்டு. அம்மாவிடம் இதைச் சொல்லிப் பார். இல்லையென்றால் முதல் அத்தியாயத்தை வாசித்துக் காட்டு.

எழுதியவர் யோக்கியமானவரா என்று பார்க்க என்னிடம் ஒரு வழி உண்டு. தோற்கப்போகிறவனைக் கடைசியில் திடீரென்று கெட்டவனாக்குகிறாரா, அல்லது சௌகரியமாகச் சாகடிக்கிறாரா? அப்படிச் செய்தால் அந்தப் பெண் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. பந்தியில் மிச்சம் இருந்ததை இலையில் போட்டுவிட்டார்கள். உன் படகோட்டி கடைசி அத்தியாயத்தில் காட்டிக்கொடுக்கிறவனாக மாறினால் எனக்கு எழுது, ரெண்டு பேரும் சேர்ந்து ஏசுவோம். நானும் படகோட்டி கட்சிதான். இந்த மாதிரிக் கதைகளில் நம் கட்சி பெரும்பாலும் டெபாசிட் இழக்கும், மனதைத் திடப்படுத்திக்கொள்.

கேள்வி: ஐ.டி.ஐ. படிக்கிறேன். எனக்கும் இந்த நாவல்கள் பிடிக்கும். அட்டையில் ரோஜாப்பூவும் கத்தியும் இருப்பதால் பஸ்ஸில் வெளியே எடுக்கக் கூச்சமாக இருக்கிறது.
— வாசகர், வீரவநல்லூர்

பதில்: பேப்பர் அட்டை போடு தம்பி. அப்புறம் பக்கத்து சீட்டில் இருக்கிறவர் எட்டிப் பார்ப்பார். அவருக்கும் ஒரு பக்கம் ஓடட்டும்.

கேள்வி: மூன்று பாகத்தில் இரண்டாவதை இப்போதுதான் ஆரம்பித்தேன். அதற்குள் சித்தி மகள், கதாநாயகி கடைசியில் யாரைக் கட்டுகிறாள் என்று சொல்லிவிட்டாள். இனிமேல் படிக்க என்ன இருக்கிறது?
— வாசகி, சேரன்மகாதேவி

பதில்: கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டு கேட்டிருப்பாயே? முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள். அந்தணப் பிள்ளை முத்துப்பட்டன் காட்டில் பாட்டுச் சத்தம் கேட்டுப் போகிறான். பொம்மக்கா, திம்மக்கா என்று அருந்ததியர் வீட்டு அக்கா தங்கை. இருவர் மேலும் ஆசைப்படுகிறான். அவர்கள் தகப்பனார் வாலப்பகடை போட்ட நிபந்தனைக்காகக் குடுமியையும் பூணூலையும் அறுத்துவிட்டு, செருப்புத் தைக்கிறான். கல்யாணம் முடிந்த கையோடு மாடு திருட வந்தவர்களுடன் சண்டை போட்டுச் சாகிறான். பெண்கள் இருவரும் அவன் சிதையில் ஏறுகிறார்கள். காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயன் என்ற சாமியாக இருப்பது அவன்தான். இன்றைக்கும் அங்கே செருப்புதான் காணிக்கை.

கூட்டத்தில் இந்த முடிவு தெரியாதவர் யார்? பாடுகிறவர் பூணூல் அறுக்கிற இடத்துக்கு வரும்போதே கிழவிகள் மூக்கைச் சிந்த ஆரம்பித்துவிடுவார்கள், சாவு இன்னும் வெகு தூரத்தில் இருக்கும். நீயும் அப்படிப் படி. ஜெயிக்கப்போகிறவன் யார் என்று தெரிந்துவிட்டதல்லவா? இனிமேல் தோற்கப்போகிறவன் வருகிற பக்கங்களை மெதுவாகப் படி. எனக்கு அந்தப் பக்கங்கள்தான் பிடிக்கும். சித்தி மகளை மட்டும் மூன்றாம் பாகம் முடியும் வரை பக்கத்தில் சேர்க்காதே.

கேள்வி: இந்த முக்கோணக் காதலெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்கிறார் எங்கள் பள்ளியில் ஒருவர். நம்மிடம் உண்டா?
— தமிழாசிரியை, தென்காசி

பதில்: வேதாளம் விக்கிரமாதித்தனிடம் சொன்ன கதையில் முக்கோணம்கூட இல்லை, நாற்கோணம். ஒரு பெண்ணுக்கு மூன்று பேர் ஆசைப்படுகிறார்கள். அவள் செத்துப்போகிறாள். ஒருவன் அவள் சாம்பல் மேலேயே படுத்துக் கிடக்கிறான், ஒருவன் எலும்பைக் கங்கைக்குக் கொண்டுபோகிறான், மூன்றாமவன் ஊர் ஊராக அலைந்து உயிர் கொடுக்கும் மந்திரத்தோடு திரும்பி வந்து அவளை எழுப்புகிறான். அவள் யாருக்கு மனைவி? உயிர் கொடுத்தவன் தகப்பன் முறை, எலும்பைக் கங்கையில் சேர்த்தவன் மகன் முறை, சாம்பலோடு கிடந்தவனே புருஷன் என்று தீர்ப்புச் சொல்கிறான் ராஜா. எழுந்து உட்கார்ந்திருக்கிற பெண்ணை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை! இதை வகுப்பில் சொல்லிவிட்டுப் பிள்ளைகளிடம் தீர்ப்புக் கேட்டுப் பாருங்கள். மணி அடித்தாலும் சண்டை ஓயாது.

கேள்வி: மூத்தவள் காலேஜ் போன பிறகு அவள் புத்தகத்தை எடுத்துத் திருட்டுத்தனமாகப் படிக்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது. பதிமூன்று வயது இளையவளும் கேட்கிறாள். கொடுக்கலாமா?
— இல்லத்தரசி, அம்பாசமுத்திரம்

பதில்: 'யங் அடல்ட்' என்பது 12 வயது முதல் 18 வயது வரை உள்ளவர்களை மனதில் வைத்துப் பதிப்பாளர்கள் வகுத்த பிரிவு. அந்தப் பிரிவில் வந்த புத்தகம் என்றால் பெரும்பாலும் முத்தத்தோடு கதவைச் சாத்திவிடுவார்கள். ஆனால் அதே மாதிரி அட்டையோடு, அதே மாதிரி இளவரசனோடு, முழுக்கப் பெரியவர்களுக்கென்றே எழுதிய நாவல்களும் கடையில் அதே அலமாரியில் கலந்து கிடக்கும். அவற்றில் கதவு திறந்தே இருக்கும். பின்னட்டையில் வயது போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போடவில்லையென்றால் நீங்கள் முடித்த பிறகு கொடுங்கள். எப்படியும் நீங்கள்தான் படித்துக்கொண்டிருக்கிறீர்களே. மூத்தவளிடம் மறைக்கவும் வேண்டாம். அடுத்த பாகம் அவளிடம் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.