கிண்ணமும் மேஜைக்காலும் கடைய எந்த லேத்?

வணக்கம். 25 செ.மீ. கிண்ணம், 70 செ.மீ. மேஜைக்கால் இரண்டும் கடைய வேண்டும். மரத்தைச் சுழற்றிக் கடையும் எந்திரமான லேத்தில், மெல்லிய குழாய் பெட் (மற்ற பாகங்களைத் தாங்கும் நீள அடித்தளம்) கொண்ட 1 மீட்டர் லேத்தா, 50 செ.மீ. வார்ப்பிரும்பு லேத்தா என்று கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் வார்ப்பிரும்பையே வாங்குங்கள். அந்த மாடலுக்கு பெட் எக்ஸ்டென்ஷன் (பெட்டை நீட்டும் இணைப்பு) கிடைத்தால் நீளத்தைக் கூட்டிக்கொள்ளலாம், ஆனால் அதிர்கிற பெட்டை ஒன்றும் செய்ய முடியாது. உளி துள்ளும், மரத்தில் அலை அலையாகத் தடம் விழும்.

முதலில் பார்க்க வேண்டியது குறைந்தபட்ச வேகம். நீங்கள் சொன்ன குழாய் லேத் நிமிடத்துக்கு 850 சுற்றில்தான் தொடங்குகிறது. 25 செ.மீ. கட்டையின் விளிம்பு அப்போது நொடிக்கு 11 மீட்டர் வேகத்தில் ஓடும். எடை ஒரு பக்கம் சாய்ந்த, ஈரம் காயாத பச்சைக் கட்டையை அந்த வேகத்தில் சுழற்றுவது ஆபத்து. வார்ப்பிரும்பு லேத் 250 சுற்றில் தொடங்குகிறது. கட்டை உருண்டையானதும் மெல்லக் கூட்டலாம். வேகக் கட்டுப்பாட்டுடன் பெல்ட் மாற்றும் படிக் கப்பிகளும் இருக்கட்டும், இல்லையென்றால் குறைந்த வேகத்தில் மோட்டார் திணறும்.

ஸ்விங் (கடையக்கூடிய அதிகபட்ச விட்டம்) 30 செ.மீ. என்பது பெட்டுக்கு மேலே உள்ள அளவு. உளியைத் தாங்கும் டூல் ரெஸ்டின் அடிப்பாகத்துக்கு மேலே அதைவிடக் குறைவுதான், அங்கேயும் அளந்து பாருங்கள்.

வாங்கும் முன், மரத்தின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கை, மரத்தைச் சுழற்றும் ஹெட்ஸ்டாக் வரை தள்ளுங்கள். மரத்தைப் பிடிக்கும் இரண்டு சென்டர் முனைகளும் நேருக்கு நேர் தொட வேண்டும். ஹெட்ஸ்டாக்கில் சுழலும் தண்டான ஸ்பிண்டிலைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் அசையவே கூடாது. ஸ்பிண்டில் மரை பரவலாகக் கிடைக்கும் அளவா என்றும் கேளுங்கள், பிறகு சக் (கட்டையைக் கவ்விப் பிடிக்கும் கருவி) தேடி அலைய வேண்டியிருக்காது.

சக், உளி, சாணை, முழு முகக் கவசம் இவற்றுக்கும் பணம் ஒதுக்கிவிட்டே லேத்தின் விலையைப் பேசுங்கள்.