சத்துமாவை நிறுத்திவிட்டுப் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துமாவைப் பலர் மாட்டுக்குக் கரைத்து ஊற்றுகிறார்கள். அதை நிறுத்திவிட்டு, கர்ப்பிணிகளின் வங்கிக் கணக்கில் பணமாகப் போட்டால் என்ன?

பதில்: கூடாது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2013-இன் 4ஆம் பிரிவு, கர்ப்பகாலம் முழுக்கவும் பிரசவத்துக்குப் பின் 6 மாதமும் ஒவ்வொரு தாய்க்கும் அங்கன்வாடி வழியாக இலவச உணவு தரச் சொல்கிறது. அதோடு சேர்த்து, குறைந்தது 6,000 ரூபாய் மகப்பேற்று உதவியும் தரச் சொல்கிறது. ஒன்றைக் காட்டி இன்னொன்றை நிறுத்த வழியில்லை. உணவு வராமல் போனால் மட்டும் 8ஆம் பிரிவின்படி அதற்கு ஈடாகப் பணம் உண்டு.

பணம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அது தவணையில் வருவது. ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் பெயர் ஓரெழுத்து மாறினாலே நின்றுபோகும். வந்த பணமும் வாடகையோடும் கடனோடும் கலந்துவிடும். வயிற்றில் வளரும் பிள்ளைக்கோ அன்றன்றைக்குச் சாப்பாடு போய்ச் சேர வேண்டும்.

மாவு மாட்டுக்குப் போவது உண்மைதான். எந்த மாவு போகிறது என்று பார்த்தீர்களா? வளைகாப்பு முடிந்து தாய்வீடு போகிற பெண்ணின் பெயர், புகுந்த ஊர் மையத்தின் பதிவேட்டிலேயே இருக்கிறது. அவள் பங்கை வீட்டில் யாரோ வாங்கி அடுக்கி வைக்கிறார்கள். கைக்குழந்தையோடு அவள் திரும்பும்போது மாவில் காறல் வாடை அடிக்கிறது, வண்டு ஓடுகிறது. அதை மாட்டுக்கு ஊற்றாமல் என்ன செய்வாள்? அதிகம் சாப்பிட வேண்டிய கடைசி மாதங்களிலும் பால் கொடுக்கும் முதல் மாதங்களிலும் அவளுக்கு ஒரு பிடி மாவு கிடைக்கவில்லை என்பதுதான் இதில் நாம் கோபப்பட வேண்டிய விஷயம். கிளம்பும் முன்பே அங்கன்வாடி பணியாளரிடம் சொல்லி, போஷன் டிராக்கர் என்ற அங்கன்வாடிப் பதிவுச் செயலியில் தாய்வீட்டு ஊர் மையத்துக்குப் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். தாய்-சேய் நல அட்டையையும் பிக்மி எண்ணையும் (கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது அரசு தரும் எண்) கையோடு கொண்டு போங்கள். ரேஷன் அட்டை எந்த ஊரில் இருக்கிறது என்பது இந்த உரிமைக்குத் தடையாகாது.

அடுத்த சிக்கல், ஒருவருக்கான மாவை வீட்டில் எல்லாரும் பங்கு போடுவது. சட்டம் 2013-இல் வந்தபோது அதன் இரண்டாம் அட்டவணை வைத்த அளவு இது: 6 மாதம் முதல் 3 வயது வரையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு 500 கிலோ கலோரி, 12 முதல் 15 கிராம் புரதம். தாய்க்கு 600 கிலோ கலோரி, 18 முதல் 20 கிராம் புரதம். கடும் ஊட்டச்சத்துக் குறைபாடுள்ள குழந்தைக்கு 800 கிலோ கலோரி. அந்த அளவு, மாவுக் கணக்கில் குழந்தைக்குச் சுமார் 130 கிராம், தாய்க்கு 160 கிராம் வரும். அரைக் கிலோ பொட்டலம் ஒரு குழந்தைக்கு நான்கு நாளுக்குக்கூடச் சரியாக வராது. அதில் அக்கா, அண்ணன், பாட்டி எல்லாருக்கும் உருண்டை பிடித்துக் கொடுத்தால் ஒன்றரை நாளில் தீர்ந்துவிடும். மாமியார் பசித்திருக்கும் வீட்டில் மருமகள் மட்டும் தனியாகச் சாப்பிட மாட்டாள். எனவே பணியாளர் வீட்டுக்கு வரும்போது மாமியாரையும் கணவரையும் உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். தாயிடம் மட்டும் சொல்லிப் பயனில்லை.

மூன்றாவது, காய்ச்சும் விதம். கொதிநீரில் மாவைக் கொட்டினால் கட்டி தட்டும், உள்ளே பச்சை வாடை நிற்கும், குழந்தை துப்பிவிடும். மூன்று மேசைக்கரண்டி மாவை (சுமார் 30 கிராம்) முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். மொத்தத் தண்ணீர் 150 மில்லிக்கு மேல் போக வேண்டாம். சிறு தீயில் எட்டு, பத்து நிமிடம் கைவிடாமல் கிளறுங்கள். கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாமல் நிற்க வேண்டும். இறக்கியதும் ஒரு தேக்கரண்டி எண்ணெயோ நெய்யோ விட்டால் 45 கிலோ கலோரி கூடும்.

'நீர்க்க இருந்தால்தான் செரிக்கும்' என்று பெரியவர்கள் சொல்வதை இங்கே கேட்காதீர்கள். ஏழெட்டுக் கிலோ எடையுள்ள குழந்தையின் வயிறு ஒரு வேளைக்கு 200, 250 மில்லிதான் கொள்ளும். அதே 30 கிராம் மாவை 300 மில்லியில் காய்ச்சினால் பிள்ளை தண்ணீரால் வயிறு நிறைந்து மீதியை வைத்துவிடும்; 'சத்துமாவு கொடுத்தும் எடை ஏறவில்லை' என்று மாவைக் குறை சொல்வோம். ஓட்டையைப் பெரிதாக்கிய பால் புட்டியில் கஞ்சி ஊற்றிக் கொடுப்பதும் வேண்டவே வேண்டாம். கிண்ணமும் கரண்டியும் போதும். பிரித்த பொட்டலத்தை ஈரமில்லாத, மூடி இறுகும் டப்பாவில் கொட்டி வையுங்கள்.

மாவு வரவில்லை, தேதி கடந்து வருகிறது, எடை குறைகிறது என்றால் பணியாளரோடு சண்டை போட வேண்டாம். அனுப்பப்பட்டதைத்தான் அவர் கொடுக்கிறார். எந்தெந்த மாதம் எத்தனை பொட்டலம் வந்தது, உறையில் என்ன தேதி இருந்தது என்று எழுதி வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அங்கே நகரவில்லையென்றால் சட்டத்தின் 15ஆம் பிரிவில் மாவட்டக் குறைதீர் அலுவலர் இருக்கிறார். அதற்கு மேல் மாநில உணவு ஆணையம். 8ஆம் பிரிவின் ஈட்டுத்தொகையை அந்த மனுவிலேயே கேளுங்கள்.