முட்டம் கடலில் லூர் அறுந்துபோவது பற்றி

8 நாட் (மணிக்கு 8 கடல் மைல்) வேகத்தில் ட்ரோலிங் போனால், அதாவது ஓடும் படகின் பின்னால் லூர் என்ற போலி இரையை இழுத்துப் போனால், உதடு (முன்னால் சின்னத் தகடு) வைத்த லூர் மேலே துள்ளுகிறது, தங்கூஸ் (நைலான் நரம்பு) வேறு கத்தியால் வெட்டினதுபோல் அறுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அண்ணே, அறுப்பது பெரும்பாலும் நெய்மீன் (வஞ்சிரம்) பல்தான். தங்கூஸைத் தடிமனாக்கிப் பெரிய பிரயோஜனமில்லை. லூருக்கு முன்னால் ஒரு முழம் ஸ்டீல் கம்பி போடுங்கள். கேரை (சூரை வகை மீன்) கம்பியைக் கண்டால் விலகும், அதற்குத் தனியாகத் தங்கூஸிலேயே ஒரு லூர் விடலாம்.

அப்புறம் வேகம். உதட்டு லூருக்கு 4 முதல் 6 நாட் போதும். 8 நாட்டெல்லாம் குஞ்சம் வைத்த லூருக்குத்தான். வேகத்தைக் குறைத்தும் லூர் இடப்பக்கமே சாய்ந்து ஓடுகிறதா? பின்னாலிருந்து பார்த்து, அதன் மூக்கில் நூல் கட்டும் வளையத்தை இடுக்கியால் வலப்பக்கம் மயிரிழை வளையுங்கள். படகோரத்தில் இழுத்துப் பார்த்து, நேராக ஓடினால் மட்டும் நூலை விடுங்கள். ரீல் பிரேக்கும் (நூல் சுற்றிய உருளையின் பிடி இறுக்கம்) நூல் தாங்கும் எடையில் கால்வாசிதான் இருக்கணும்.