கட்டிலருகே ஒரு நாற்காலி: தன்னார்வலர் கேள்வி பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் தனித்து வாழும் முதியவர்களையும், இனிக் குணமாகாது என்ற நிலையில் வீட்டில் படுத்திருப்பவர்களையும் வாரந்தோறும் பார்த்துவர விரும்புகிறவர்களின் கேள்விகள் இவை. பதில் சொல்பவர் ஓய்வுபெற்ற அரசுச் செவிலியர்.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன் சிஸ்டர். மருத்துவம் எதுவும் தெரியாது. என்னால் என்ன செய்ய முடியும்? (மாணவி, தருமபுரி)

மருத்துவம் தெரியாமல் இருப்பது நல்லதுதான், அம்மா. அரைகுறையாகத் தெரிந்தவர்களால்தான் எனக்குத் தலைவலி. புண் கட்டவும் ஊசி போடவும் ஆள் இருக்கிறார்கள். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. இயன்முறைச் சிகிச்சையும், குணமாகாத நோயில் வலியையும் வேதனையையும் தணிக்கும் நோய் ஆதரவுச் சிகிச்சையும் அந்தத் திட்டத்திலேயே உண்டு. ஆனால் அந்தப் பணியாளர்கள் வேலையை முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயாக வேண்டும். மகன் பெங்களூரில் கட்டட வேலையில், மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில். மீதிப் பொழுது முழுவதும் அந்தக் கிழவி யாருடன் பேசுவாள்? அந்தப் பொழுதுதான் உங்களுடையது.

போய் என்ன செய்வது என்று திகைக்க வேண்டாம். மாசி, பங்குனியில் நம் பக்கத்துப் பாட்டிகள் திண்ணையில் புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருப்பார்கள். நீங்களும் ஒரு முறத்தை இழுத்துக்கொண்டு உட்காருங்கள். கை வேலை செய்யும்போது வாய் தானாகத் திறக்கும். நேருக்கு நேர் அமர்ந்து "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டால் "இருக்கிறேன்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். மழை பொய்த்த வருடத்தில் மாட்டுக்குத் தீவனம் எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள், பொழுது போவதே தெரியாது.

ஒரு நாளையும் ஒரு நேரத்தையும் முடிவு செய்துகொள்ளுங்கள். செவ்வாய் நான்கு மணி என்று சொல்லிவிட்டால் அன்று காலையிலிருந்தே அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். வர முடியாவிட்டால் பக்கத்து வீட்டுக்காவது போன் செய்து சொல்லுங்கள். தேர்வு நெருங்கியதும் சொல்லாமல் நின்றுவிடும் பிள்ளைகளைவிட, முதலிலேயே வராத பிள்ளைகள் மேல். தொடக்கத்தில் தனியாகப் போகாதீர்கள், பழைய தன்னார்வலர் ஒருவரோடு போங்கள்.

பணம், நகை, பத்திரம், ஏடிஎம் அட்டை, இந்த நான்கையும் தொடாதீர்கள். இதை இன்னும் பல முறை சொல்வேன்.

சான்றிதழ் கிடைக்குமா? (பென்னாகரம்)

கிடைக்காது.

நான் போகிற வீட்டுத் தாத்தா முன்பு நன்றாகத் தமிழ் பேசியவர். மறதி நோய் வந்தபின் தெலுங்கில்தான் பேசுகிறார். இறந்துபோன மனைவி சந்தையிலிருந்து வந்துவிட்டாளா என்று கேட்கிறார். உண்மையைச் சொல்லலாமா? (தேன்கனிக்கோட்டை)

மறதி நோயில் பிற்பாடு கற்ற மொழி முதலில் நழுவுவதும், தாய்மொழி கடைசிவரை தங்குவதும் அடிக்கடி நடப்பதுதான். அவர் உங்களை ஒதுக்குகிறார் என்று எண்ண வேண்டாம். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் தெரிந்த தன்னார்வலர்களுக்குப் பஞ்சமில்லை, ஒருவரை மாற்றி அனுப்பச் சொல்லுங்கள். நீங்களே தொடர விரும்பினால் அவரிடமே நாலு வார்த்தை கற்றுக்கொள்ளுங்கள். சொல்லிக்கொடுப்பது அவருக்கும் பிடிக்கும்.

மனைவி இறந்துவிட்டார் என்று நீங்கள் சொல்லும் ஒவ்வொரு முறையும் அவருக்கு அது புதுச் சாவு. பத்து நிமிடத்தில் மறந்துவிட்டு மறுபடி கேட்பார், மறுபடி அழுவார். பொய்யும் வேண்டாம். "சந்தையில் அவர் என்ன வாங்குவார்?" என்று கேளுங்கள். அவருக்கு வேண்டியது மனைவியைப் பற்றிய பேச்சுதான்.

பாட்டிக்கு முதுகும் முட்டியும் மரக்கட்டை போல இறுகியிருக்கின்றன. எண்ணெய் தேய்த்து இழுத்துவிடட்டுமா? (பாலக்கோடு)

இழுக்கவே கூடாது. நம் இரு மாவட்டங்களிலும் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃப்ளூரைடு அதிகம். ஆண்டுக்கணக்கில் அதைக் குடித்த உடம்பில் எலும்பு தடித்து, மூட்டைச் சுற்றியுள்ள தசைநார்களும் இறுகிவிடும். பல்லில் பழுப்புக் கறை இருந்தால் இந்தச் சந்தேகம் இன்னும் வலுக்கும். பார்க்கத் தடித்திருந்தாலும் அந்த எலும்பு உறுதியானது அல்ல, எளிதில் முறியும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்தது. ஆனால் அதற்கு முன்பே இறுகிய எலும்பு நல்ல தண்ணீர் குடித்தால் இளகிவிடாது.

கையில், பாதத்தில் மெதுவாக எண்ணெய் தடவலாம். கழுத்தைத் திருப்பவோ, அக்குளில் கைகொடுத்துத் தூக்கவோ வேண்டாம். பயிற்சி எதுவானாலும் இயன்முறைச் சிகிச்சையாளர் காட்டித்தர வேண்டும். இன்னொன்று: பக்கவாட்டில் உட்கார்ந்து பேசாதீர்கள். அவரால் கழுத்தைத் திருப்ப முடியாது. நாற்காலியை எதிரே போடுங்கள்.

பயிற்சி முடித்தால் சான்றிதழ் தருவீர்களா? (அரூர்)

பென்னாகரத்துக்காரருக்குச் சொன்னதுதான்.

தாத்தா தன் ஏடிஎம் அட்டையைக் கொடுத்து முதியோர் உதவித்தொகையை எடுத்துவரச் சொல்கிறார். பாவமாக இருக்கிறது. (மத்தூர்)

பாவமாகத்தான் இருக்கும். எடுக்காதீர்கள். மாதம் 1200 ரூபாயில் நூறு குறைந்தாலும் முதல் சந்தேகம் உங்கள்மேல்தான் விழும். ஒரு வீட்டில் அப்படி நடந்துவிட்டால் அந்தத் தெருவில் வேறு தன்னார்வலரும் நுழைய முடியாது. வங்கி முகவர் ஊருக்கு வரும் நாளை விசாரித்து, தாத்தாவைக் கையைப் பிடித்து அழைத்துப் போங்கள். ரேகையை அவர் வைக்கட்டும், பணத்தை அவர் எண்ணட்டும்.

சொந்தப் பிள்ளையே பணத்தைப் பிடுங்குகிறான் என்றால் முதியோர் உதவி எண் 14567ஐ அழைக்கலாம். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு நிலத்தை எழுதி வாங்கிவிட்டுப் பிறகு சோறு போடாமல் விரட்டியிருந்தால், 2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவின்கீழ் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கோரிக் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகையும் கேட்கலாம். வக்கீல் தேவையில்லை. நீங்கள் துணைக்குப் போங்கள், சாட்சிக் கையெழுத்து மட்டும் போடாதீர்கள்.

புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அது போதை மருந்து, கடைசி மருந்து என்று வீட்டார் பயந்து கொடுக்க மறுக்கிறார்கள். (காவேரிப்பட்டணம்)

கடைசி மருந்து என்ற பேச்சு எங்கிருந்துதான் வருகிறதோ! வலியின் அளவைப் பார்த்துக் கொடுப்பது அது, எஞ்சிய நாட்களை எண்ணிக் கொடுப்பதல்ல. மருத்துவர் சொன்ன அளவில் வலிக்காகச் சாப்பிடுகிறவர் அதற்கு அடிமையாவது அரிது. மலச்சிக்கல்தான் அநேகமாக எல்லோருக்கும் வரும், அதற்குச் சேர்த்தே மருந்து எழுதுவார்கள். திடீரென நிறுத்தக் கூடாது. சட்டக் கெடுபிடியால் கிடைக்காமலிருந்த மருந்து இது. 2014இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தித்தான் வழியைக் கொஞ்சம் திறந்தார்கள்.

இதையெல்லாம் வீட்டாருக்கு விளக்க வேண்டியவர் மருத்துவரோ செவிலியரோதான். "கொடுக்கவில்லை" என்ற செய்தியை அன்றைக்கே அவர்களுக்குச் சொல்வது உங்கள் பொறுப்பு. மாத்திரையை நீங்கள் வாங்கி வரவும் வேண்டாம், கையால் எடுத்துக் கொடுக்கவும் வேண்டாம். ஏடிஎம் அட்டைக்குச் சொன்னது இதற்கும் பொருந்தும்.

படுத்த படுக்கையாகிவிட்ட பாட்டிக்கு எதுவும் உள்ளே இறங்கவில்லை. கேழ்வரகுக் கஞ்சியைக் கரண்டியால் ஊட்டச் சொல்லி மகள் என்னிடம் கொடுக்கிறார். ஊட்டலாமா? (ஏரியூர்)

வேண்டாம். கடைசி நாட்களில் உடம்பு உணவைக் கேட்பதில்லை. விழுங்கும் திறனும் குறைந்திருக்கும். கட்டாயமாக ஊட்டினால் கஞ்சி நுரையீரலுக்குள் போகும், இருமலும் காய்ச்சலும் மூச்சுத்திணறலும் வரும். உதட்டையும் நாக்கையும் ஈரப் பஞ்சால் நனைத்து வாயைச் சுத்தமாக வைத்திருங்கள். அவரே கேட்டால், நல்ல விழிப்போடு இருந்தால், தலையை உயர்த்தி வைத்து அரைக் கரண்டி கொடுக்கலாம். இருமினால் நிறுத்திவிட வேண்டும்.

என் தாய்க்குக் கடைசிவரை என் கையால் ஊட்டினேன். நீங்கள் சொல்வது பட்டினி போட்டுக் கொல்வது போல இருக்கிறது. எங்கள் ஊரில் இப்படிப் பேசினால் காறித் துப்புவார்கள். (காரிமங்கலம்)

துப்பட்டும் ஐயா. நீங்கள் ஊட்டியது தவறு என்று நான் சொல்லவில்லை. உங்கள் தாயார் விழுங்கினார், நீங்கள் ஊட்டினீர்கள். விழுங்க முடியாதவரைப் பற்றித்தான் இங்கே பேச்சு. சாப்பாடு நின்றதால் உயிர் போவதில்லை, உயிர் போகிற நிலைக்கு வந்ததால் சாப்பாடு நிற்கிறது. மகள் பார்வையில் இது தலைகீழாகத் தெரியும், அவரைக் குறை சொல்ல முடியாது.

பசி இல்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? அவர்கள் வாய் திறந்து சொன்னார்களா? (காரிமங்கலம், மீண்டும்)

சொல்கிறார்கள். பேச முடிகிறவரை கேட்டுப் பாருங்கள். "வேண்டாம், தொண்டை காய்கிறது" என்பதுதான் அநேகமாகப் பதிலாக இருக்கும். காயும் தொண்டைக்கு ஈரப் பஞ்சு போதும். பல்லைக் கடித்துக்கொண்டு தலையைத் திருப்புவதும் பதில்தான்.

ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினால் தெம்பு வந்துவிடுமே? பணத்துக்குப் பார்த்துத்தான் ஏற்றாமல் விடுகிறார்கள். (ஊத்தங்கரை)

அரை லிட்டர் 5 சதவீதக் குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. இரண்டு டம்ளர் காப்பியில் போடுவதைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவே. இதயமும் சிறுநீரகமும் ஓய்ந்த உடம்பில் அந்தத் தண்ணீர் காலில் வீக்கமாகவும் நெஞ்சில் சளியாகவும்தான் நிற்கும். வாந்தியோ வேறு காரணமோ இருந்தால் ஏற்ற வேண்டியும் வரலாம், அது மருத்துவர் முடிவு. பாட்டில் தொங்கினால் ஏதோ செய்கிறோம் என்று வீட்டாருக்கு ஆறுதல் வருகிறது. அந்த ஆறுதலுக்காகக் கிழவியின் கையில் நரம்பு தேடித் தேடிக் குத்த வேண்டுமா?

அப்படியானால் பால் ஊற்றுவதும் கூடாது என்பீர்கள். பிள்ளை கையால் பால் வாங்காமல் போகிற உயிர் அடங்குமா? (காரிமங்கலம், விடுவதாக இல்லை)

அதை நான் எந்த வீட்டிலும் தடுத்ததில்லை. பஞ்சைப் பாலில் நனைத்து உதட்டில் ஒற்றச் சொல்வேன். பிள்ளை கையால்தான், பால்தான், முறையும் குறையாது. மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே உறவு முழுவதும் வரிசையில் நின்று ஆளுக்கொரு கரண்டி ஊற்றுகிறதே, அந்தப் பால் எங்கே போகும் என்று நினைக்கிறீர்கள்? தன்னார்வலர் குறுக்கே விழுந்து தடுக்கப் போகாதீர்கள், சண்டைதான் வரும். வீட்டில் மூத்தவரைத் தனியே அழைத்து, கூட்டம் கூடுவதற்கு முன்பே சொல்லி வையுங்கள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் எல்லோரும் பஞ்சைக் கையில் எடுப்பார்கள்.

மற்றதை ஒப்புக்கொள்ளவில்லை. பஞ்சில் நனைப்பது சரி. (காரிமங்கலம்)

எனக்கு அது போதும் ஐயா. இந்தப் பேச்சை இத்தோடு விடுவோம், கீழே பலர் காத்திருக்கிறார்கள்.

அம்மாவுக்குப் புற்றுநோய் என்று சொல்லிவிடாதீர்கள் என்கிறார்கள் பிள்ளைகள். அவரோ என்னிடம் "எனக்கு என்னடா நோய்?" என்று கேட்கிறார். (நல்லம்பள்ளி)

சொல்லாதீர்கள், பொய்யும் சொல்லாதீர்கள். "உங்களுக்கு என்னவென்று தோன்றுகிறது?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருங்கள். பாதிப் பேருக்கு முன்பே தெரியும், பிள்ளைகள் தாங்க மாட்டார்கள் என்று அவர்கள்தான் மறைத்துக்கொண்டிருப்பார்கள். அவர் சொன்னதைச் செவிலியரிடம் தெரிவியுங்கள்.

எங்கள் கம்பெனியிலிருந்து முப்பது பேர் ஒரு சனிக்கிழமை வந்து பழமும் போர்வையும் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளலாமா? பங்கேற்புச் சான்றிதழ் இருந்தால் உதவியாக இருக்கும். (ஓசூர்)

சான்றிதழ் கேட்பவர்களில் நீங்கள் மூன்றாமவர். முப்பது பேர் ஒரு கட்டிலைச் சுற்றி நின்றால் படுத்திருப்பவருக்குக் காற்றே வராது. சிறுநீர்ப் பை தொங்கும் கட்டிலில், வேட்டி விலகிக் கிடக்கும் மனிதரை எதற்குப் படம் எடுக்க வேண்டும்? உங்கள் தகப்பனாரை அப்படி எடுக்க விடுவீர்களா? போர்வை போன தீபாவளிக்கு வந்ததே மூட்டை பிரிக்காமல் இருக்கிறது. பணம் இருந்தால் காற்று மெத்தையும் பெரியவர்களுக்கான டயப்பரும் வாங்கித் தாருங்கள். ஆள் இருந்தால் இரண்டு பேரை மட்டும், மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, ஒரு வருடத்துக்கு அனுப்புங்கள்.

கேரளத்தில் ஊர் மக்களே இதைச் செய்கிறார்களாமே? (பர்கூர்)

ஆமாம். 1993இல் கோழிக்கோட்டில் மருத்துவமனையைச் சார்ந்து தொடங்கியது, பிறகு மலப்புரம் பக்கம் அக்கம்பக்கத்தாரே பயிற்சி பெற்று வாரந்தோறும் வீடுகளுக்குப் போகும் ஏற்பாடாக வளர்ந்தது. வீட்டில் அரிசி தீர்ந்ததையும், பேத்தி பள்ளிக்குப் போகாததையும் முதலில் கவனிப்பவர் அங்கே பக்கத்து வீட்டுத் தன்னார்வலர்தான். நம் ஊரிலும் அதற்குத் தடை ஒன்றும் இல்லை.

நான் பார்த்துவந்தவர் இறந்துவிட்டார். சாவு வீட்டுக்குப் போகலாமா? அழுதுவிடுவேன். (பாப்பிரெட்டிப்பட்டி)

போங்கள், அழுங்கள். காரியம் முடிந்தபிறகு ஒரு முறை போய் அவர் மனைவியோடு உட்கார்ந்துவிட்டு வாருங்கள், அன்றைக்குத்தான் வீடு வெறிச்சோடியிருக்கும். அடுத்த வீட்டை உடனே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பகலில் வேலை. இரவு எட்டு மணிக்குமேல்தான் ஓய்வு. அப்போது போகலாமா? (கிருஷ்ணகிரி)

அந்த நேரத்தில் தூங்கிவிடுவார்கள், கதவைத் தட்டினால் பயந்துவிடுவார்கள். மதிய உணவு இடைவேளையில் போன் செய்யுங்கள். பத்து நிமிடம் போதும், தினமும் ஒரே நேரமாக இருக்கட்டும். போனில் பேசும் தன்னார்வலர்கள் எங்களுக்கு நிறையத் தேவை. பேச்சின் நடுவே அவர் குறுஞ்செய்தியில் வந்த ஓடிபி எண்ணைப் படித்துக்காட்டத் தொடங்கினால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். அதை யார் கேட்டார்கள் என்று விசாரித்து, அன்றைக்கே வங்கிக்குச் சொல்ல வையுங்கள்.